இரண்டு காது

அமைச்சர் மலர்வளையத்தை அப்பாவின் காலடியில் வைத்தார். கேமராக்காரர் சரியாக எடுக்கவில்லையாம். மறுபடி ஒருமுறை வைத்தார். இரண்டாம் முறை சோகம் நன்றாகவே வந்தது.

மகள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கார்ட்டூன் போடத் தொடங்கிய நாளிலிருந்தே அப்பா இந்த மனிதரைக் காதில்லாமல்தான் வரைந்தார். மூக்கு, தொப்பை, மோதிரம் எல்லாம் கச்சிதமாக இருக்கும். காது இருக்க வேண்டிய இடம் மட்டும் வழுவழுவென்று, முட்டை மாதிரி. யாராவது கேட்டால், "ஜனங்க சொல்றதை அவர் கேக்க ஆரம்பிக்கட்டும், அன்னைக்கே வரைஞ்சுடறேன். மை செலவு என்னோடது" என்பார்.

அமைச்சர் மைக்குகளின் பக்கம் திரும்பினார்.

"ஐயா என்னைக் காதில்லாமதான் வரைவார். ஏன்? வீண்பேச்சை நான் காதுல வாங்கமாட்டேன்னு அவருக்குத் தெரியும். அந்த அளவுக்கு என்னைப் புரிஞ்சுவச்சிருந்தவர்..." கைக்குட்டை தயாராக வந்தது.

கூட்டம் தலையாட்டியது. சித்தப்பாவும்தான்.

"அதுக்கு அர்த்தம் அது இல்ல" என்றாள் மகள்.

சித்தப்பா அவள் முழங்கையை அழுத்தினார். "சும்மா இரும்மா. வீடு தேடி வந்திருக்காரு."

"பாலம் இடிஞ்சப்ப யாரைத் தேடிப் போனாராம்?"

"சாவு வீட்டுல அரசியல் பேசாத."

"அவர் பேசறது என்ன சித்தப்பா, தாலாட்டா?"

சத்தமாகவே சொன்னாள். அமைச்சர் அவளைப் பார்த்து ஆறுதலாகப் புன்னகைத்துவிட்டுக் காரில் ஏறினார்.

கார் போனதும் பத்திரிகை ஆசிரியர் அவளை அப்பாவின் அறைக்குள் அழைத்தார். கையில் பெரிய உறை. உள்ளே அப்பாவின் கடைசிப் படம். பாலம் இடிந்த வாரமே கொடுத்தது. இடமில்லை என்று இவர் மேஜைக்குள் தூங்கவைத்தது. இன்று காலைகூட ஆஸ்பத்திரிப் படுக்கையில் அப்பா பத்திரிகையில் தன் கார்ட்டூன் வரும் பக்கத்தைத்தான் முதலில் புரட்டச் சொன்னார். அங்கே சோப்பு விளம்பரம் இருந்தது.

படத்தில் அமைச்சர் சுழலும் மின்விசிறிக்குக் கீழே இளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே நனைந்த ஜனங்கள். மேஜைமேல் மனுக்கட்டு.

"நாளைக்கு முதல் பக்கத்துல போடறேம்மா, அஞ்சலியா. அவருக்கு ரெண்டு காது மட்டும் வச்சுடேன். நேர்ல வந்துட்டுப் போன மனுஷன். அப்பா கை நடுங்க ஆரம்பிச்சப்புறம் மை போட்டது யாருன்னு எனக்குத் தெரியாதா?"

"இத்தனை நாள் காதில்லாமதானே போட்டீங்க?"

"அப்பல்லாம் அவருக்குச் சின்ன இலாகாம்மா."

"வைக்கலைன்னா?"

ஆசிரியர் ஜன்னலைப் பார்த்தார். "இடம் கஷ்டம்தான்."

படத்தைக் கிழித்து அவர் வாயில் திணிக்கலாம் போலிருந்தது. கிழித்தால் சோப்புக்காரனுக்குத்தான் கொண்டாட்டம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அப்பாவின் பேனாவை மையில் தோய்த்தாள். கோபத்தில் முதல் சொட்டு அவள் மூக்கிலேயே தெறித்தது.

வரைந்து முடித்து, படத்தைத் திருப்பிக் காட்டினாள்.

அமைச்சரின் தலை பழையபடி வழுவழுவென்றே இருந்தது. மேஜைமேல், காற்றில் பறந்துவிடாதபடி மனுக்கட்டை அழுத்திக்கொண்டு, கனமான இரண்டு காதுகள்.

"என்னம்மா இது?"

"கேட்டீங்களே, ரெண்டு காது."

வெளியே சித்தப்பா, "தூக்கலாமா?" என்று யாரையோ கேட்டார்.

ஆசிரியர் படத்தை உறைக்குள் செருகப் போனார். நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, குனிந்து, ஈரம் காயாத அந்தக் காதுகளின்மேல் மெதுவாக ஊதினார்.