பதினாறு ஜிபியும் பதினொரு பாட்டும்

தென்காசிக் கோபுரவாசலில் ஆனிக்காற்று ஆளைத் தள்ளிக்கொண்டிருந்தது. மகாதேவன் ஒரு கையால் வேட்டியைப் பற்றிக்கொண்டு, மறுகையில் நாற்பது பக்க நோட்டு ஒன்றுடன் தெற்கே நடந்து கணினிக்கடையின் படி ஏறினார். அவருக்குப் பத்தடி பின்னால், வேறு யாரோடோ வந்தவனைப்போல, மகன் விஜயசங்கர் வந்தான்.

"வாங்க அண்ணாச்சி. தம்பிக்கா? எந்தக் காலேஜு?" என்றான் கடைக்கார நாகராஜன்.

"கோயம்புத்தூர். கம்ப்யூட்டர் சயின்ஸ்." மகாதேவன் நோட்டைப் பிரித்து மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார். "கிராபிக்ஸ் கார்டு தனியா இருக்கணும். ரேம் பதினாறு ஜிபிக்குக் குறையக்கூடாது. ஸ்கிரீன் நூத்தி நாப்பத்தி நாலு ஹெர்ட்ஸ். உள்ள ரெண்டு ஃபேன் இருக்கணும்."

நாகராஜன் வாய்விட்டுச் சிரித்தான். "நெத்தி நெறைய திருநீறு பூசிக்கிட்டு இப்பிடிக் கேக்க ஆளை இப்பத்தான் பாக்கேன் அண்ணாச்சி. கேம் ஆடுதது நீங்களா, தம்பியா?"

"தம்பிதான்."

"நான் ஆடல," என்றான் விஜயசங்கர்.

தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்த மகாதேவனுக்கு, பதிகங்கள் மனப்பாடமானதுபோல் இந்த விவரங்களும் மனப்பாடமாகியிருந்தன. மூன்று வாரமாக மதிய உணவு வேளையில் காதில் கருவி மாட்டிக்கொண்டு, மடிக்கணினிகளைப் பிரித்துக் காட்டும் காணொளிகளைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டவை அவை. பங்குனியில் இதே மடிக்கணினியைக் கேட்டு மகன் மன்றாடியபோது, ஒரே மூச்சில் மறுத்தவரும் அவர்தான். மகனும் அவன் தோழன் முத்துராஜும் ஒரே வகை மடிக்கணினி வாங்குவதென்றும், ஊர் பிரிந்தாலும் ஆட்டத்தில் பிரிவதில்லை என்றும் பேசிவைத்திருந்தார்கள்.

நாகராஜன் கரிய, கனத்த மடிக்கணினி ஒன்றை எடுத்துவந்து விரித்தான். விசைகளுக்கு அடியில் செவ்வொளி பரவியது.

"இதுக்கு மேல இந்த ஜில்லாவுலயே கெடையாது. ஒண்ணே ஒண்ணுதான், ஆட ஆரம்பிச்சா உள்ள ஃபேனு ஐந்தருவி கணக்கா இரையும்."

எல்லோரிடமும் சொல்லி எல்லோரும் சிரிக்கும் வேடிக்கைதான் அது. இங்கே இருவரில் ஒருவரும் சிரிக்கவில்லை. நாகராஜனுக்குக் காரணம் விளங்கவில்லை.

இருபத்துமூன்று நாளுக்கு முன் ஒரு மாலை, ஏழு மணி. மேலகரத்தில் அவர்கள் வீட்டின் மேல் சாரல் மெல்லப் பெய்துகொண்டிருந்தது. மகாதேவன் விளக்கேற்றிக் கைத்தாளத்துடன் அமர்ந்து பதிகத்தின் முதற்பாட்டை எடுத்தார். அடுத்த அறையில் மகன், தன் பழைய கணினியின் முன்னிருந்து, இரண்டு தெரு தள்ளியிருந்த முத்துராஜோடு ஆடிக்கொண்டிருந்தான். "சுடுலே! பின்னால வாரான், கொல்லுலே அவன!" என்ற கூச்சல் சுவரைக் கடந்து வந்தது. இறைவனை எந்தையே என்று விளிக்கும் அடியின் நடுவே அது வந்து விழுந்தது. நாள்தோறும் பொறுத்தவருக்கு அன்று பொறுக்கவில்லை. எழுந்துபோய், பூசையறை வாசலில் இருந்த வைஃபை பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டு வந்து அமர்ந்தார்.

"அப்பா, நெட்டு வரலியே?"

"சாரலுக்கு லைன் போயிருக்கும்," என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே.

மகன் கைப்பேசியில் பேசியது சுவருக்கு இப்பால் கேட்டது. "லைன் போச்சாம்லே. இன்னைக்கு அவ்வளவுதான். என்னது, ஐந்தருவிக்கா? நான் வரல, நீ போயிக் குளிச்சிட்டு வா."

அன்று பதினொரு பாட்டையும் இடையூறின்றிப் பாடி முடித்தார் மகாதேவன். எழுந்து சுவிட்சைப் போட்டபோது உள்ளம் குளிர்ந்திருந்தது. அருவிச்சாலை வளைவில் நனைந்த தரையில் வண்டி சறுக்கி முத்துராஜ் இறந்துபோன செய்தி, அவர் இரவுச் சாப்பாட்டுக்கு அமருமுன் வந்தது.

லைன் போகவில்லை என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மனைவி உமாதேவியிடமும் சொல்லவில்லை. சொல்வதற்குப் பதிலாகத்தான் இந்த நோட்டை எழுதினார். இந்தக் கரிய மடிக்கணினி மகன் கைக்கு வந்துவிட்டால், அவன் மறுபடி ஒருநாள் கத்துவான். கத்தினால் தாம் மன்னிக்கப்பட்டதாகும் என்று எங்கோ ஒரு கணக்கு அவருக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

விஜயசங்கர் அதைத் தொடவே இல்லை. ஓரத்தில் இருந்த மெல்லிய சாம்பல்நிற மடிக்கணினியை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தான். "இது போதும்."

"ஏலே, அதுல கார்டே கெடையாதுலே. வெறும் எழுதப் படிக்கத்தான் ஆகும்."

"அது ரெண்டரைக் கிலோ கனம்ப்பா. சார்ஜரு ஒரு செங்கல் இருக்கும். ரெண்டு மணி நேரத்துல சார்ஜு இறங்கிரும். படிக்கப் போறவனுக்கு விளையாட்டுச் சாமான் எதுக்கு?"

பங்குனியில் மகாதேவன் சொன்ன சொற்கள் அவை. ஒன்றுகூட மாறவில்லை, கேலி செய்யும் குரலும் இல்லை.

"அது அன்னைக்குச் சொன்னது. இன்னைக்கு நானே சொல்லுதேம்லா? வாங்கிக்கோ. உன் இஷ்டத்துக்கு விளையாடு."

"யாரோடப்பா?"

மகாதேவன் நோட்டைப் பார்த்தார். அதில் எழுதியிருந்த எதுவும் அந்தக் கேள்விக்கு உதவவில்லை.

நாகராஜன் இடையில் புகுந்து பேச்சைத் திருப்பினான். "சரி, எது வாங்குனாலும் வைஃபை பெட்டி ஒண்ணு பாதி விலைக்குத் தாரேன். வீட்ல இருக்கா தம்பி?"

"இருக்குண்ணே," என்றான் விஜயசங்கர், மடிக்கணினியின் மூடியைத் திறந்து மூடியபடி. "ஏழு மணி ஆனா அப்பா ஆஃப் பண்ணிருவாங்க."

மகாதேவன் அந்தச் சுவிட்சை அணைத்தது ஒரே ஒரு நாள்தான்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே காற்று எதையோ உருட்டிக்கொண்டு போயிற்று. மகன் அவரைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தாங்கியிருக்கலாம் என்று தோன்றியது. மேசைமேல் கிடந்த கரிய மடிக்கணினி, யாரும் தொடாமல் சற்றுநேரம் ஒளிர்ந்துவிட்டுத் தானே இருண்டது.

"சின்னதையே போடுங்க," என்றார் நாகராஜனிடம்.

பையை மகன் வாங்கிக்கொண்டான். பேருந்து நிறுத்தத்தில் நிற்கையில் மகாதேவன் தொண்டையைச் செருமினார். "ஏலே சங்கரு, அன்னைக்கு..."

"பஸ்ஸு வந்துட்டுப்பா," என்று அவன் முன்வாசலில் ஏறினான்.

வீட்டில் உமாதேவி புதுப்பெட்டியின் மேல் சந்தனமும் குங்குமமும் இட்டு, "ஏட்டிக்குப் போட்டியா அப்பாவும் மவனும் சண்டை போடாம வாங்கிட்டு வந்துட்டீயளே!" என்று மகிழ்ந்தாள். அடுத்த திங்கட்கிழமை அவன் விடுதிக்குப் போகிறான். துணிகளை மடித்து வைக்க வேண்டும் என்று உள்ளே போனாள்.

மாலையில் சாரல் இறங்கியது. மகாதேவன் விளக்கேற்றி அமர்ந்தார். இந்த இருபத்துமூன்று நாளும் அவரால் நான்காம் பாட்டைத் தாண்ட முடிந்ததில்லை. பாடும்போதே காது அடுத்த அறைப் பக்கம் போய்விடும். ஒரு கூச்சல், ஒரு வசவு, நாற்காலி இழுபடும் ஓசை ஏதாவது வருகிறதா என்று கேட்கும். எதுவும் வராது. பாட்டு அங்கேயே நின்றுவிடும். வாசலில் வைஃபை பெட்டியின் பச்சை விளக்குகள் மட்டும் விடியும்வரை சிமிட்டிக்கொண்டிருக்கும். அவர் அதன் பக்கமே போவதில்லை.

சுவர்க்கடிகாரம் ஏழடித்தது. அறைக்கதவு திறந்தது. விஜயசங்கர் வந்து பூசையறை வாசலில் நின்றான். கை நீட்டிச் சுவிட்சை அணைத்தான். பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாய் அவிந்தன.

"மணி ஏழாச்சு. பாடுங்கப்பா."

அவன் திரும்பிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

மகாதேவன் கைத்தாளத்தை எடுத்தார். முதல் அடியில் குரல் உடைந்தது. மீண்டும் எடுத்தார். நான்காம் பாட்டில் நிற்கவில்லை. நிற்கும் உரிமை தமக்கில்லை என்று எண்ணியவர்போல் ஐந்தையும் ஆறையும் கடந்தார். பதினொரு பாட்டையும் அன்று அவர் பாடி முடித்தார். நடுவில் ஒரு சத்தமும் இல்லை.