குழாய்க்குள் கார்த்திகை

அந்த வருஷம் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் வானத்துக்குத் திரும்பவில்லை. கல்ஃபானின் தொலைநோக்கிக் குழாய்க்குள் தங்கிவிட்டது. கோடை தொடங்கும்போது கார்த்திகை சில வாரம் சூரியனோடு மறைந்திருந்து, பிறகு விடியலில் கிழக்கே எழும். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எங்கள் ஓமான் மலையடி ஊரில் பேரீச்சங்குலைகளை மரத்திலேயே வைத்து ஏலம் விடுவார்கள். அதற்கு முன் விற்பது பாவம்.

தப்பு கல்ஃபானுடையதுதான். மகன் ஸாஹிரை ஓடைவெள்ளம் கொண்டுபோனதிலிருந்து மனைவி ஸுவைனா தூங்குவதே இல்லை. ஊரோ வழக்கம் மாறாமல் இருவரையும் மகன் பேரைச் சொல்லியே கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அலுத்துப்போன மனுஷர் கொல்லையில் தொலைநோக்கியை நிறுத்தி, வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்து குழாயில் இரண்டாகப் பிரியும் ஜோடி நட்சத்திரங்களைப் பார்த்துக் காலத்தை ஓட்டினார். மறையப்போகும் கார்த்திகையை ஒரு மாலை அவர் கண்ணெடுக்காமல் பார்த்ததில், அது அப்படியே உள்ளே இறங்கிவிட்டது. மூடியைப் போட்டுக் குழாயை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தார். அன்று ஸுவைனா தூங்கினாள். குழாயை அணைத்துக்கொண்டு, வாயைத் திறந்து, குறட்டை விட்டுத் தூங்கினாள்.

நாள் போகப் போகப் பழம் பழுத்து உதிர ஆரம்பித்தது. விஷயம் தெரிந்த ஏலக்காரர் முஹன்னா காப்பி குடிக்கிற சாக்கில் வந்தார்.

“ஸாஹிர் அப்பா, குலையெல்லாம் புளிச்சு வழியுது. இந்த வருஷம் ஏலம் எடுக்கிறது குளவிங்கதான்.”

“பொண்டாட்டி இப்பத்தான் ராத்திரியில தூங்குறாய்யா. கொஞ்ச நாள் பொறு.”

“நான் பொறுப்பேன். பழம் பொறுக்குமா?”

உள்ளேயிருந்து ஸுவைனா சொன்னாள்: “ஊர்ப் பிள்ளைங்க வயித்துல அடிச்சுட்டு எனக்கு என்ன தூக்கம்? விட்டுடுங்க.” சொல்லிவிட்டு அழுதாள். முஹன்னா காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் விடியற்காலையில் கல்ஃபான் குழாயைக் கிழக்கே திருப்பி மூடியைக் கழற்றினார். நட்சத்திரங்கள், வேலைக்குப் போகிறவர்களைப் போல, ஒவ்வொன்றாக ஏறிப் போயின. கடைசியாக வந்த சின்னது விளிம்பில் தயங்கியது. அவர் மூடியைப் போட்டுவிட்டார்.

தொழுகை முடிந்து வந்த ஊர் அண்ணாந்து எண்ணியது. ஆறு. கண் கூர்மையானவர்கள் ஏழு எண்ணுவதுண்டு. அன்று அவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டார்கள். “சரியாத்தான் இருக்கு, வாங்க” என்று முஹன்னா தோப்புக்கு நடந்தார். ஸுவைனா வெயில் ஏறும்வரை தூங்கினாள். அந்த வீட்டுச் சுவரோரம் நிற்கும் மரங்களுக்கு மட்டும் முஹன்னா இன்றுவரை குரலைத் தாழ்த்தித்தான் ஏலம் கூவுகிறார்.