பின்பக்கத்து மூடி

அறையில் இருந்தவர்கள்: ஏசிக்கு நேர் கீழே, சுழல் நாற்காலியில், மேலாளர். அவருக்கு வலப்புறம், தலையாட்ட வசதியான இடத்தில், உற்பத்தி அதிகாரி. எதிரே, பிஸ்கட் தட்டுக்குக் கையெட்டும் தூரத்தில், எக்ஸ்சேஞ்சர் விற்ற கம்பெனியின் விற்பனையாளர். மேசை மூலையில், ஆய்வுப் பிரிவின் சார்பில், நான். கதவோரம், யாரும் நாற்காலி காட்டாததால் நின்றபடி, ஃபிட்டர். அவர் என் தங்கையின் கணவர். நான் மாப்பிள்ளை என்று கூப்பிடப்போய் ஆலை முழுக்க அவருக்கு அதுவே பேராகிவிட்டது. மேலாளரும் அப்படித்தான் கூப்பிடுவார், திட்டும்போதுகூட.

எக்ஸ்சேஞ்சர் என்பது ஒரு பெரிய இரும்பு உருளை. அதற்குள் நூற்றுக்கணக்கான மெல்லிய குழாய்கள் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை படுத்திருக்கும். குழாய்களுக்குள்ளே குளிர்ந்த நீர், வெளியே சூடான எண்ணெய். ஏதாவது ஒன்றில் ஓட்டை விழுந்தால் எண்ணெய் நீருக்குள் இறங்கிவிடும். போன வாரம் அப்படி இறங்கியது. இரண்டு முனை மூடிகளையும் கழற்றி, ஓட்டைக் குழாயைக் கண்டுபிடித்து, அதன் இரு வாயிலும் பிளக் அடித்து அடைத்து, சோதித்து, மூடினார்கள். திரும்ப ஓட்டியதும் தண்ணீர்த் தொட்டியில் எண்ணெய் முன்னைவிட அழகாக மினுமினுத்தது.

"மாப்பிள்ளை பிளக்க ஒழுங்கா அடிக்கல. அவ்வளவுதான் விஷயம்," என்றார் மேலாளர். "ஆய்வுப் பிரிவு தலைமை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதட்டும். ஆள வேலையிலேர்ந்து எடுத்துடலாம்."

உற்பத்தி அதிகாரி தலையாட்டினார். தண்ணீரின் தரமும் காரணமாக இருக்கலாம் என்று மெல்ல ஆரம்பித்தார். மேலாளர் பார்த்த பார்வையில் தண்ணீர் உடனே சுத்தமாகிவிட்டது.

"மொத்தக் குழாய்க்கட்டையும் மாத்திட்டா நிம்மதி சார்," என்றார் விற்பனையாளர், பிஸ்கட்டை விழுங்கிவிட்டு. எக்ஸ்சேஞ்சரை அவர் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை.

"அடைச்சதுக்கு அப்புறம் சோதிச்சீங்களே, பின்பக்கம் நின்னு பாத்தது யாரு?" என்று கேட்டேன்.

எக்ஸ்சேஞ்சரின் முன்பக்கத்தில் கூரையும் மின்விசிறியும் உண்டு. பின்பக்கம் சுவருக்கும் பம்புக்கும் நடுவில் ஒருக்களித்து நுழைய வேண்டிய சந்து. காலடியில் எண்ணெய்ச் சேறு. மேலாளர்களின் செருப்புத் தடம் அங்கே பதிந்ததில்லை.

"முன்னாடி ஒரு சொட்டு இல்ல. எல்லாரும் சேந்து போட்டோவே எடுத்துக்கிட்டோம்," என்றார் மேலாளர்.

உண்மைதான். சோதனை வெற்றி என்று அறிவிப்புப் பலகையில் அந்தப் படம் ஒட்டியிருக்கிறது. மாப்பிள்ளையும் அதில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்.

"அப்ப பின்னாடி யாருமே இல்ல."

"பின்னாடி மட்டும் தனியாவாய்யா ஒழுகும்?"

ஒழுகுமா என்று பார்க்கக் கிளம்பினோம். மாற்று எக்ஸ்சேஞ்சர் ஓடிக்கொண்டிருந்ததால் இதைத் திறக்கத் தடையில்லை. மூடிகளைக் கழற்றி, உருளைக்குள் குழாய்களைச் சுற்றித் தண்ணீர் ஏற்றி அழுத்தம் கொடுத்தோம். ஓட்டைக் குழாய் அடைபடாமல் இருந்தால் அதன் வாய் வழியே தண்ணீர் வரும். முன்பக்கம் காய்ந்து கிடந்தது. மேலாளர் மின்விசிறிக்கு அடியில் நின்று எனக்காக ஒரு புன்னகையை ஒதுக்கினார். நான் சந்துக்குள் நுழைந்தேன்.

குழாய் வாய்கள் வரிசையாகத் தெரியும் தகட்டின் வலது ஓரத்தில் பிளக் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. இடது ஓரத்தில் ஒரு குழாய் வாயைப் பிளந்துகொண்டு தண்ணீரைக் கொட்டியது. முன்பக்கத்தில் அடைத்தது இந்தக் குழாயை. பின்பக்கத்தில் அடைத்ததோ எந்தத் தப்பும் செய்யாத இன்னொன்றை.

"மாப்பிள்ளை, எதப் பாத்து அடிச்சீங்க?"

அவர் கைப்பேசியை நீட்டினார். மேலாளர் முன்பக்கத் தகட்டின் வலது ஓரத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டு, படம் எடுத்து, 'இதே இடத்தில் பின்னாலும் அடி' என்று எழுதி அனுப்பியிருந்தார். சட்டையின் முன்பக்கத்தில் பை இருக்கும் பக்கம், முதுகுப்புறமிருந்து பார்த்தால் மாறித் தெரியும். அந்தச் சங்கதி சட்டை போடுகிற எல்லோருக்கும் தெரியும். இரண்டு பட்டம் வாங்கியவருக்கு மட்டும் விதிவிலக்கு.

"முன்னாடி வாயிலேர்ந்து கம்பி விட்டு, அது எங்க எட்டிப் பாக்குதோ அங்க அடிக்கணும். இது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் மச்சான். கம்பிய எடுக்கத்தான் போனேன். அதுக்குள்ள போட்டோ வந்துடுச்சு. அவ்வளவு தெளிவான போட்டோ."

"கல்யாணத்துக்கும் போட்டோவ மட்டும் பாத்துட்டுத்தான் வந்தீங்களா?"

"அதுல ஏமாந்தது உங்க தங்கச்சி," என்றார். வேலை போகப்போகிற மனிதர் பேசுகிற பேச்சு.

மேலாளர் சந்தின் வாயில் வெள்ளைச் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்று எட்டிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "கம்பி விடாதது யாரோட தப்பு? அத மட்டும் எழுதுங்க. போட்டோ சமாசாரம் எதுக்கு, கடிதம் சுருக்கமா இருக்கட்டும்," என்றார். சுருக்கத்தின்மேல் அவருக்கு அன்றுதான் பிரியம் வந்தது.

சாயங்காலம் தங்கை கைப்பேசியில் கூப்பிட்டாள். "அண்ணா, அவரு பேர மட்டும் எழுதாத. எழுதினா வேலை போயிடும்."

"எழுதலன்னாதான் போகும். தங்கச்சி புருஷன மறைச்சிட்டான்னு ஒரே வரில என் கடுதாசிய குப்பையில போட வெச்சிடுவாரு உங்க மேலாளர்."

"எங்க மேலாளரா? எல்லாம் உன்னோட ஆளுங்கதான்," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

ஆகவே இரண்டையும் எழுதினேன். மேலாளர் அனுப்பிய படத்தைப் பார்த்துப் பின்பக்கம் தவறான குழாய் அடைக்கப்பட்டது. கம்பி விட்டுப் பார்க்கும் வழக்கம் தெரிந்திருந்தும் ஃபிட்டர் அதைச் செய்யவில்லை. சோதனையின்போது பின்பக்கத்தில் ஒருவரும் இல்லை. எல்லோரும் படத்தில் இருந்தார்கள். இரண்டு படங்களும் இணைப்பில். தவறு ஒருவருடையது அல்ல, ஆகவே ஒருவரை மட்டும் வேலைநீக்கம் செய்வது பொருந்தாது.

மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டினேன்.

"என் பேருக்கு முன்னாடி ஒரு 'திரு' போடலாமே மச்சான்."

"கம்பி விட்டிருந்தா ரெண்டு போட்டிருப்பேன்."

அவர் சிரிக்கவில்லை. இணைப்புப் படங்களை அவரே மடித்துக் கொடுத்தார். உறைக்குள் வைத்து, விளிம்பில் பசை தடவி, கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினேன். தபால் பிரிவு ஊழியர் முத்திரை குத்திப் பையில் போட்டார். பையை வண்டியில் ஏற்றினார்கள்.