இம்தியாஸ் சாகும் பத்தி

1

நோன்பு மாதத்தில், நோன்பு வைக்காத நீங்கள், சாயங்காலக் கடையில் பசித்து நிற்கிறவர்கள் நடுவில் கட்லெட்டை வாங்கி அங்கேயே தின்றிருக்கிறீர்களா?

நான் தின்றிருக்கிறேன். இந்தக் கதை அங்கேதான் ஆரம்பித்தது.

என் ஊர் கூடலூர், மலைமேல். பிழைப்பு துவாக்குடியில், ஒரு பட்டறையில் வெல்டிங். எழுத யாரும் சொல்லித் தரவில்லை, நானாக எழுதுகிறேன். லீவு நாளில் பஸ் ஏறி, கொஞ்ச நாளைக்கு மட்டும் போடுகிற சாப்பாட்டுக் கடைகளைத் தேடிப் போவேன். வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில், ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் முக்கொம்பில். ருசிக்காக என்று பட்டறையில் சொல்லியிருக்கிறேன். உண்மை வேறு. நிலையான ஓட்டலில் ஒரு மாதம் சாப்பிட்டால், "ஏன் சார் எப்பவும் தனியாவே வரீங்க?" என்று சப்ளையர் கேட்டுவிடுகிறார். இந்தக் கடைகளை அப்படிக் கேட்பதற்குள் எடுத்துவிடுவார்கள்.

பாலக்கரைப் பக்கம் ஒரு சந்தில் தஸ்லிமாவின் கடை இருந்தது. நோன்பு மாதச் சாயங்காலங்களில் மட்டும். நீலக் குடை, ஒரு மேசை, ஒரு கடாய்.

"அண்ணே, அந்தப் பக்கமாத் திரும்பி நின்னு தின்னுங்க" என்றார் முதல் நாள். "ஒங்க வாயப் பாத்தே பாதிப் பேருக்கு நோன்பு முறிஞ்சிரும்."

வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். வெகுநாள் கழித்து என்னை ஒருவர் கேலி செய்தார்.

2

கதையை மூன்று விதமாக ஆரம்பித்துப் பார்த்தேன்.

"நீலக் குடையின் கீழே எண்ணெய் சிரித்தது." எண்ணெய் எங்கே சிரிக்கும்? சிரித்தது தஸ்லிமா. அடித்துவிட்டேன்.

"அந்தச் சந்தில் சாயங்காலம் என்பது ஒரு" – ஒரு என்ன? இன்றுவரை தெரியவில்லை. அப்படியே கிடக்கட்டும்.

"தஸ்லிமாவின் கணவர் இம்தியாஸ் சவூதியில் லாரி ஓட்டுகிறார். வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் கடாயைக் காட்டச் சொல்லி, தீ ஜாஸ்தி, குறை என்பார். லாரிக்காரருக்குச் சமையல் தெரியுமாக்கும் என்று தஸ்லிமா போனை மாவுப் பக்கம் திருப்பி வைத்துவிடுவார்."

மூன்றாவதில் இருப்பது அத்தனையும் உண்மை. ஆனால் அதில் கதை இல்லை என்று எனக்குப் பட்டது. சிரிக்கிற ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அதனால் இம்தியாஸைச் சாகடித்தேன்.

3

"அவன் போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. பாலைவனத்து மணல் அவனை மூடியிருந்தது. இங்கே அவள் கைகளை மாவு மூடியிருந்தது. அவள் கடை போட்டாள்."

இந்தப் பத்தியை எழுதிவிட்டு அறைக்குள் எழுந்து நடந்தேன். அவ்வளவு பெருமை. தஸ்லிமா என்பதை பஸீலா என்று மாற்றினேன். கணவனுக்குப் பெயரே வைக்கவில்லை. அது போதும் என்று நினைத்தேன். குடை, சந்து, சவூதி, லாரி எதையும் மாற்றவில்லை.*

நோன்பு மாதம் முடிவதற்குள், ஒரு இணைய இதழில் என் போட்டோவோடு வந்தது. தைரியமான பெண் என்று படித்தவர்கள் எழுதினார்கள். அழுதோம் என்றார்கள்.

(* சோம்பேறித்தனம் இல்லை. அந்தக் குடையை விட எனக்கு மனசு வரவில்லை.)

4

அடுத்த லீவில் போனேன். கடையில் கூட்டம் இல்லை.

"நீங்க எழுதுனதப் படிச்சேண்ணே."

[வெட்கத்தை இங்கே இறக்கி வைத்துவிடுகிறேன். அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அவர் முகத்தைப் பார்க்காமல், பாராட்டுக்காக நின்றேன்.]

"எதுத்த வீட்டு மெஹ்ரீன் எங்க மாமிக்குப் படிச்சுக் காட்டிருக்கு. பாதிலயே நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாங்க. எம் மவனுக்கு என்னாச்சு, எங்கிட்ட மறைக்கிறியாடின்னு. அவருக்குப் போன் அடிச்சா எடுக்கல, வண்டில இருந்தாரு. திரும்பக் கூப்புடுற வரைக்கும் நாங்க இருந்த இருப்பு அல்லாவுக்குத்தான் தெரியும்."

"கதைம்மா அது…"

"கதைன்னா? எங்கள்ல புருசன் மௌத்தாயிட்டா பொண்டாட்டி இத்தா இருக்கணும். நாலு மாசம் பத்து நாளு வீட்டுக்குள்ளயே. நீங்க என்னைய நாப்பது நாளுக்குள்ள தெருவுல கடாயோட நிக்க வச்சிருக்கீங்க. அதத் தைரியம்னு வேற எழுதிருக்கீங்க."

எனக்கு இத்தா தெரியாது. கேட்கவும் இல்லை.

"அழிச்சிடறேன்மா. இப்பவே."

"அழிச்சா? உண்மைதான், அதான் எடுத்துட்டாங்கன்னு பேசுவாங்க. ஏற்கெனவே ரெண்டு பேரு கேட்டாச்சு, புருசன் இருக்காரா இல்லையான்னு." கடாயைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மாமி நாளையிலருந்து கடை வேணாங்குறாங்க. இந்த ஒரு மாசந்தாண்ணே நான் வாசலத் தாண்டி நிக்குறது. நாலு பேருகிட்டப் பேசுறது, சிரிக்கிறது, எல்லாம் இந்த மாசந்தான்."

அழிக்க எடுத்த போனைப் பைக்குள் வைத்தேன்.

"காலைல வீட்டுக்கு வாங்க. மாமி முன்னால நின்னு, நான் எழுதுனது பொய்னு நீங்களே சொல்லுங்க."

"கட்லெட்…" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது.

"இருக்கு. பசிச்சா தின்னுட்டுப் போங்க."

5

இதற்கு முடிவு எழுத உட்கார்ந்தேன்.

ஒன்று: நான் போகிறேன். மாமி என்னை மன்னித்து, 'நீயும் எனக்கு மகன்தாம்ப்பா' என்கிறார். சாயங்காலம் நீலக் குடை விரிகிறது. (இதழ்காரர்களுக்குப் பிடிக்கும். இந்த முடிவிலும் அந்த அம்மாவை எனக்காகத்தான் பேச வைக்கிறேன்.)

இரண்டு: நான் போகவில்லை. துவாக்குடி பஸ்ஸில் ஏறிவிடுகிறேன். அடுத்த வருஷம் வேறு சந்து, வேறு குடை. (என்னைத் தெரிந்தவர்கள் இதைத்தான் நம்புவார்கள். தெரிந்தவர்கள் என்று யாரும் இல்லை என்பது வேறு.)

மூன்று: இம்தியாஸ் லீவு போட்டு வந்து, கடையில் தஸ்லிமா பக்கத்திலேயே – இல்லை. அந்த மனிதரை நான் ஒருமுறை எனக்கு வேண்டிய இடத்துக்கு நகர்த்திவிட்டேன். போதும்.

கடை மறுபடி போட்டார்களா என்பதை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் எனக்குச் சாதகமாகத்தான் எழுதுவேன். அந்த முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

6

மறுநாள் காலை போனேன். மாமியின் பெயர் நஜீமா. நான் எழுதியது பொய் என்று வாசலில் நின்று சொன்னேன். எது பொய், படி என்றார். போனை எடுத்து அந்தப் பத்தியைப் படித்தேன். கடைசிவரை கேட்டார். பிறகு மகனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து என்னிடம் நீட்டினார். லாரியை ஓரமாக நிறுத்தியிருப்பதாக இம்தியாஸ் சொன்னார். மறுபடி முதலிலிருந்து படித்தேன்.