ஏழாவது பாகம்

கடவுச்சொல் இரண்டு முறை தப்பாகப் போயிற்று. அப்பாவின் பிறந்த தேதி இல்லை, அம்மாவுடையதும் இல்லை. மூன்றாவதாகத் தன்னுடையதைப் போட்டாள் மகள். கம்ப்யூட்டர் திறந்துகொண்டது.

வெளியே கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். பெற்ற மகள் அறையைத் தாழிட்டுக்கொண்டு செய்கிற காரியமா இது? ஆனால் பயம் பிடித்து ஆட்டும்போது முறையாவது ஒன்றாவது.

எல்லாம் அந்தப் பாழாய்ப்போன தொடரால் வந்த வினை. முப்பது வருஷத்துக்கு முன்னால் டிவியில் பதின்மூன்று வாரம் ஓடி, பிறகு யார் கண்ணிலும் படாமல் போன குழந்தைகள் தொடர். அப்பா ஒரு பாகம் விடாமல் கேசட்டில் பதிந்து வைத்திருந்தார். பூஞ்சை பிடித்ததும் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டு கேசட்டுகளைக் குப்பையில் போட்டார். அத்தோடு சும்மா இருந்தாரா? போன மாதம் பதின்மூன்றையும் இணையத்தில் போட்டுவிட்டார், அதுவும் மகள் பெயரில் இருந்த கணக்கில். அவருக்குத் தெரிந்த கணக்கு அது ஒன்றுதான். நாலே நாளில் உரிமை வைத்திருந்த கம்பெனி அதைத் தூக்கிவிட்டது. வக்கீல் நோட்டீஸ், அவள் டீச்சராக இருக்கும் பள்ளிக்கூட விலாசத்துக்கே வந்தது. கையிலிருக்கும் பிரதியையும் அழிக்காவிட்டால் போலீஸில் புகார். கெடு நாளையோடு முடிகிறது.

"விக்கவும் மாட்டான், காட்டவும் மாட்டான். பூட்டி வச்சு என்ன பண்ணப் போறான்?" என்று எகிறினார் அப்பா.

"அவன் பொருள்ப்பா. பூட்டறதும் திறக்கறதும் அவன் இஷ்டம். நாளைக்கு உங்க சைக்கிளை எவனாவது எடுத்துட்டுப் போனா சும்மா இருப்பீங்களா?"

"சைக்கிளை எடுத்தா எனக்கு சைக்கிள் இல்ல. இதை நான் வச்சிருந்தா அவனுக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

"எனக்கு வேலை போயிடும்ப்பா."

அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. நேற்று மாலை நாற்காலியில் உட்கார்ந்தவாக்கிலேயே போய்விட்டார்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு கார் வந்து நின்றது. வெள்ளைச் சட்டை, கையில் ஃபைல், முன்பின் தெரியாத மனிதர். வாசலில் நின்ற அண்ணனிடம், "அந்தப் பழைய தொடரை நெட்ல போட்டவர் வீடு இதுதானே?" என்று கேட்டது காதில் விழுந்தது.

பிணம்கூட எடுக்கவில்லையே, அதற்குள் வந்துவிட்டானே பாவி! பதின்மூன்றையும் தேர்ந்தெடுத்தாள். திரும்ப எடுக்க முடியாதபடி அழிக்கவா என்று கேட்டது. ஆமாம். பச்சைப் பட்டை மெல்ல நிறைந்தது. அது முடியும்வரை கதவைப் பார்த்தபடியே இருந்தாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது அந்த மனிதர் அப்பாவின் காலடியில் நின்று அழுதுகொண்டிருந்தார்.

"நான் அந்தத் தொடருக்கு லைட் போட்டவன்ம்மா. முந்தாநாள்கூட போன்ல பேசினாரு. இன்னிக்கு வாங்க, தர்றேன்னாரு. வந்து பாத்தா இப்படி..."

ஃபைலைத் திறந்து பழுப்பேறிய ஒரு போட்டோவைக் காட்டினார். ஆறு வயதுப் பெண், கையில் குடை.

"என் பொண்ணு. ஏழாவது பாகத்துல ஒரே ஒரு சீன்ல வருவா. ரெண்டு வார்த்தை பேசுவா. அந்த வருஷமே காய்ச்சல்ல போயிட்டா. அவ குரல் வேற எங்கயும் இல்லம்மா. கம்பெனியில கேட்டேன், அவங்ககிட்ட இருந்ததெல்லாம் தண்ணியில ஊறிப் போச்சாம்."

மகள் திரும்பி அறைக் கதவைப் பார்த்தாள்.

"உள்ளதான் இருக்கும் சார். தங்கச்சி எடுத்துக் குடுப்பா" என்றான் அண்ணன்.

அவர் உறை பிரிக்காத பென் டிரைவ் ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"எல்லாம் முடியட்டும்மா. அவசரமில்ல. முப்பது வருஷம் இருந்துட்டேன்."

சரி என்று தலையை ஆட்டினாள். அவசரமில்லை என்றவர், வாசலில் கிடந்த நாற்காலி ஒன்றை கம்ப்யூட்டர் இருந்த அறையின் ஜன்னலைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.