கமான் பட்டையும் கப்புக் காதும்

கார் என்றால் எனக்குப் புத்தி கொஞ்சம் பிசகிவிடும். அதைச் சொல்ல நான் கூச்சப்பட்டதே கிடையாது. கூச்சப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் என் ஒர்க்‌ஷாப். வந்துபோனதெல்லாம் லாரியும் பஸ்ஸும்தான். அவற்றுக்கு நடுவே ஒரே ஒரு ஸ்போர்ட்ஸ் கார், கஸ்தூரிரங்கனுடையது. சிவப்பு நிறம், இரண்டே சீட்டு, தரையோடு தரையாக ஓடும். அவர் ஸ்ரீமுஷ்ணத்துக்காரர். எங்கள் ஊரில் பீங்கான் கப்பு செய்யும் சின்னக் கம்பெனி ஒன்று வைத்திருந்தார். என் மனைவி காசியம்மாள் அங்கேதான் கப்புக்குக் காது ஒட்டும் வேலை செய்தாள். ஈரக் கப்பில் களிமண் கூழைத் தொட்டு, காதை வைத்து, கட்டைவிரலால் ஓர் அழுத்து. ஒன்பது வருஷத்தில் அவள் ஒட்டிய காது விட்டுப்போனதாகப் பேச்சே இல்லை. வெளியூர் வியாபாரி வந்தால் முதலாளி அவள் ஒட்டிய கப்பைத்தான் காதைப் பிடித்துத் தூக்கிக் காட்டுவார்.

சோழவரத்தில் கார் ரேஸ் என்றால் கஸ்தூரிரங்கன் போய்விடுவார். அதற்கு முன் காரை ரேஸுக்கு மாற்றுவது என் பொறுப்பு. பின்சக்கரத்தின் குலுக்கலைத் தாங்கும் வில் மாதிரியான கமானில் ஓர் இரும்புப் பட்டை கூடுதலாகச் சேர்ப்பேன். ஷாக் அப்சர்பரில் கெட்டி எண்ணெய் ஊற்றுவேன். அப்புறம் எவ்வளவு வேகமாகத் திருப்பினாலும் கார் சாயாது. ஆனால் சாதாரண ரோட்டில் ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் இடிக்கும். அதனால் திரும்பி வந்ததும் பட்டையைக் கழற்றி, எண்ணெயை மாற்றி, பழையபடி ரோட்டுக்கு ஆக்கிவிட வேண்டும். முழுசாக ஒருநாள் வேலை.

அறுபத்தொன்பதில் அவர் மூன்றாவதாக வந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த மாதமே இன்னொரு ரேஸ் என்று பேச்சு அடிபட்டது. இப்போது கழற்றி மறுபடி மாட்டுவானேன் என்று அப்படியே விட்டுவிட்டேன். ரோட்டுக்கு மாற்றியாயிற்றா என்று அவர் கேட்டார். மாற்றிவிட்டேன் என்று கூசாமல் சொன்னேன். கொஞ்சம் தூக்கிப் போடுகிறதே என்றார். நம் ஊர் கப்பி ரோடு அப்படி என்று அதற்கும் ஒரு பொய்.

அந்த வாரம் பெங்களூர் ஓட்டல் ஒன்றுக்கு அவசர ஆர்டர். கம்பெனிக்குச் சொந்தச் சூளை கிடையாது. காய்ந்த கப்புகளைப் பலகையில் அடுக்கி, பெண்கள் தலையில் சுமந்து, ஒரு மைல் தள்ளியிருந்த பொதுச் சூளைக்குக் கொண்டுபோவார்கள். அன்று நேரமில்லை என்று முதலாளியே பலகையைப் பக்கத்து சீட்டில் வைத்து ஐந்தாறு நடை ஓட்டினார். வேகாத கப்பு அதிர்ந்தால் காது ஒட்டிய இடத்தில் மயிரிழை விரிசல் விழும். கண்ணுக்குத் தெரியாது. வெந்து வெளியே வந்தால்தான் தெரியும்.

நூற்றைம்பது கப்பில் தொண்ணூறு காது விட்டிருந்தது. காரை யாரும் நினைக்கவில்லை. காது விட்டால் ஒட்டியவள் கை சரியில்லை, அவ்வளவுதான். காசியம்மாளை மண் பிசையும் கொட்டகைக்கு அனுப்பிவிட்டு, அவள் இடத்தில் வாசுகி என்ற பெண்ணை உட்கார வைத்தார்கள்.

கேட்ட மாத்திரத்தில் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. அன்றே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் பொய் வெளியே வரும், அந்தக் கார் என் கையைவிட்டுப் போய்விடும். ஆகவே மகா புத்திசாலித்தனமாக ஒன்று செய்தேன். பிரேக் பார்க்கிறேன் என்று காரை வாங்கி, யாருக்கும் தெரியாமல் பட்டையைக் கழற்றி எண்ணெயை மாற்றினேன். இனிமேல் காது விடாது, கொஞ்ச நாளில் எல்லாம் மறந்துபோகும், அவளைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்வார்கள் என்று நினைப்பு.

அடுத்த தடவையும் கப்பு காரில்தான் போனது. வாசுகி ஒட்டிய காது ஒன்றுகூட விடவில்லை. கோளாறு காசியம்மாள் கையில்தான் என்று நானே நிரூபித்துக் கொடுத்துவிட்டேன்.

அவள் அழவில்லை. மாவு கரைக்கும்போது நடுவில் கையை எடுத்து விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். அக்கா மகளின் கைக்குழந்தையைக் கையில் வாங்க மாட்டேன் என்றாள், நழுவிவிடுமோ என்று பயமாம். ஒருநாள் கட்டைவிரலை என் முன்னால் நீட்டி, நடுங்குகிறதா பாருங்கள் என்றாள். இல்லை என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டேன்.

பத்து நாள் கழித்து ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் கொண்டுவந்து வைத்தாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மணவாளநல்லூர் கொளஞ்சியப்பருக்குப் பிராது எழுத வேண்டும் என்றாள். போலீசுக்கும் கோர்ட்டுக்கும் கொண்டுபோக முடியாத வழக்கு எங்கள் பக்கத்தில் அந்தச் சாமியிடம்தான் போகும். இன்னார் எனக்கு இன்ன தீங்கு செய்தார், நீயே கேள் என்று எழுதி, சன்னிதியில் வைத்து எடுத்துக் கோயிலிலேயே கட்டிவிட்டு வருவார்கள்.

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒன்பது வருஷ வேலை, விட்டுப்போன தொண்ணூறு காது, எல்லாம் சொன்னாள். பிறகு தாளில் விரலை வைத்தாள்.

"வாசுகி பேர எழுதுங்க. என் எடத்துக்கு ஆசப்பட்டு அவதான் கூழுல என்னமோ கலந்துட்டா. அவ ஒட்டுனா நிக்குது, நான் ஒட்டுனா வுட்டுடுது. வேற யாரு செஞ்சிருப்பாங்க?"

வாசுகிக்குப் பத்தொன்பது வயது. அப்போதுதான் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். பேர் எழுதிப் பிராது கட்டியது தெரிந்தால் ஊர் அவளைச் சும்மா விடாது. வேறு எதையாவது எழுதிவிட்டு, வாசுகி என்று எழுதியதாகச் சொல்லவும் என்னால் முடியும். காசியம்மாள் நம்பி எடுத்துக்கொண்டு போவாள். அந்த யோசனை வந்ததும் என்மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது.

எழுதி முடித்தேன். வாசியுங்கள் என்றாள். வாசித்தேன்.

"இதைச் செய்தது என் புருஷன் ராஜாங்கம். காரை ரோட்டுக்கு மாற்றாமலே மாற்றியதாகப் பொய் சொன்னான். அந்த அதிர்வில்தான் காது விட்டது. என் கையில் குறையில்லை என்று தெரிந்தும் அவன் வாயைத் திறக்கவில்லை."

திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தேன். அவள் தாளை வாங்கி, தனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தையே வெகுநேரம் பார்த்தாள்.

"வெரல நீட்டிக் காட்டுனனே, அப்பவும் தெரியுமா?"

தெரியும் என்றேன்.

தாளை நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். இப்போதே முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், இதைக் கிழித்துப் போட்டுவிடு என்று கெஞ்சினேன்.

"போயி சொல்லுங்க. சொன்னா எடம் கெடச்சிடும்," என்றாள். "ஒங்கள நான் யாருகிட்ட போயி கேக்குறது?"

முந்தானை முடிச்சைக் கையில் பிடித்தபடி மணவாளநல்லூர் ரோட்டில் நடக்க ஆரம்பித்தாள்.