பாடம் ஏழு, மூன்றாம் வீடியோ

ஹெடி ஃப்ரீசனுக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு பாடம்தான். எங்கள் சஸ்காச்சுவான் மாநிலத்துச் சமவெளியில் குடியேறிய விவசாயிகளின் வரலாறு. பத்தொன்பது வருடமாக ஒப்பந்தத்தில் நடத்திவந்தார். ஒவ்வொரு பருவத்துக்கும் கடிதம் வந்தால்தான் வேலை. துறையில் மாணவர்கள் குறையக் குறைய அவருடைய மற்ற பாடங்களெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றுபோயின. இதை இணையத்தில் ஏற்றினால் கூட்டம் சேரும், பாடம் பிழைக்கும், கூடவே நாமும் பிழைத்துக்கொள்ளலாம் என்று நம்பித்தான் என் அறைக்கு வந்தார்.

என் வேலை அதுதான். வகுப்பில் நின்று பேசுகிறவர்களைக் கேமரா முன்னால் உட்காரவைத்து, அவர்கள் பாடத்தை இணையப் பாடமாக ஆக்கித் தருவது. பதினோரு வருடமாக இதே பிழைப்பு. வெறுத்துப்போய்விட்டது, ஆனால் வீட்டுக் கடன் இருக்கிறதே.

எங்கள் தொழிலில் ஒரு வேதம் உண்டு. வீடியோவில் காலத்தின் வாடையே அடிக்கக் கூடாது. 'போன வாரம்', 'இந்தக் குளிரில்', 'நேற்று செய்தியில்' எதுவும் ஆகாது. ஐந்து வருடம் கழித்துப் பார்க்கிறவனுக்கும் இன்று காலை எடுத்ததுபோல் இருக்க வேண்டும். ஹெடிக்கோ அது இல்லாமல் வாயே திறக்காது. வெளியே பனி கொட்டினால் பாடத்திலும் கொட்டும். நான் நிறுத்துவேன், மறுபடி பேசச் சொல்வேன், மறுபடி நிறுத்துவேன். எனக்கே என்மேல் எரிச்சல் வரும்.

"ஏம்பா வெர்ன், வரலாறு நடத்துறவளைப் பார்த்துத் தேதி சொல்லாதேங்கிறியே, உனக்கே நல்லா இருக்கா?" என்று ஒருநாள் கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். கேட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து பேசினார்.

ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து ஐம்பத்திரண்டு வீடியோ எடுத்தோம். ஒப்பந்தத்தில், தயாரான பாடம் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தம் என்று ஒரு வரி இருந்தது. எல்லோரும் போடுகிற கையெழுத்துதானே என்று ஹெடியும் போட்டார். அந்த வரி என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அவருக்கு முன்னால் நான்கு பேரை அது வெளியே அனுப்பியதைப் பார்த்தவன் நான். வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொன்னால் எழுந்துபோய்விடுவார், என் ஆண்டறிக்கையில் ஒரு பாடம் குறையும். அவ்வளவுதான் காரணம்.

முதல் வருடமே, முப்பது பேர் இருந்த இடத்தில் நூற்று எண்பது பேர் சேர்ந்தார்கள். ஹெடி எனக்கு வீட்டில் செய்த பிளம் கேக் கொண்டுவந்து கொடுத்தார். அடுத்த வருடம் டீன் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பாடத்தை வீடியோக்களே நடத்துவதால் தனியாக ஆசிரியர் தேவையில்லை, தாள் திருத்த மட்டும் ஆள் வேண்டும், விருப்பமானால் வரலாம். பிள்ளைகள் எழுதுவதையாவது படிக்கலாமே என்று அவர் ஒத்துக்கொண்டார். திரையில் திருத்துபவர் பெயர் வராது. பத்தொன்பது வருடம் பாடம் நடத்தியவர் 'மதிப்பீட்டாளர் 2' ஆனார்.

அந்தப் பிப்ரவரியில் காலெப் என்ற மாணவனிடமிருந்து புகார் வந்தது. பாடம் ஏழு, மூன்றாம் வீடியோவில், குடியேறியவர்களை நிலத்தைவிட்டு விரட்டியது வறட்சிதான் என்று பேராசிரியர் தெளிவாகச் சொல்கிறார், அதைத்தான் எழுதினேன், மதிப்பீட்டாளர் 2 ஐம்பத்தெட்டு போட்டுவிட்டு, 'வறட்சிக்கு முன்பே பாதிப்பேர் கிளம்பிவிட்டார்கள், கடிதங்களைப் படி' என்று எழுதியிருக்கிறார், இவருக்குப் பாடம் தெரியுமா? பின்னாலேயே இன்னும் பதினேழு பேர் அதே புகாரோடு கிளம்பினார்கள். டீன் அலுவலகத்து ஷெல்டன் ஒரே வரியில் முடித்தார். வீடியோதான் அளவுகோல், மார்க்கைத் திருத்தச் சொல்லுங்கள்.

ஹெடியைப் போனில் கூப்பிட்டேன். போன கோடையில் ஒரு சின்ன ஊர்த் தேவாலயத்து நிலவறையில் மூன்று பெட்டிக் கடிதங்கள் கிடைத்ததாம், பெரும்பாலும் பெண்கள் எழுதியவை. பள்ளிக்கூடம் மூடினார்கள், டாக்டர் ஊரைவிட்டுப் போனார், அப்போதே மூட்டை கட்டிவிட்டோம் என்று கடிதத்துக்குக் கடிதம் இருக்கிறதாம்.

"நான் சொன்னது தப்புப்பா. அந்த ஒரு வீடியோவை மாத்திடு. நானே வந்து பேசித் தரேன், காசு எதுவும் வேண்டாம்."

ஷெல்டனிடம் கேட்டேன். மூன்று வருடத்துக்குப் பாடத்தில் கை வைக்க முடியாது என்றார். தாள் திருத்துகிறவரைக் கேமரா முன்னால் உட்காரவைத்தால், அது ஆசிரியர் வேலை என்று ஆசிரியர் சங்கத்தில் சண்டைக்கு வருவார்களாம்.

மனசு கேட்காமல் வெட்டுவதற்கு முந்தைய பழைய பதிவைத் திறந்து பார்த்தேன். 'விரட்டியது வறட்சிதான்' என்று சொன்ன கையோடு ஹெடி பேசிக்கொண்டே போகிறார். 'இது இந்த வருடம் வரைக்கும் எனக்குத் தெரிந்தது, நாளைக்கே வேறு கடிதம் கிடைத்தால் மாற்றிச் சொல்வேன்.' காலத்தின் வாடை அடிக்கிறது என்று நான்தான் அதை வெட்டியிருக்கிறேன். பதினோரு விநாடி.

ஷெல்டன் சொன்னதோடு அதையும் போனில் அவரிடம் சொன்னேன்.

"அப்போ சண்டை எனக்கும் அந்த வீடியோக்காரிக்கும்தான்," என்றார். "அவ பக்கம்தான் எல்லாரும் இருக்காங்க."

"மார்க்கை மாத்திப் போட்டுட்டுப் போங்க ஹெடி. இருக்கிற வேலையாவது மிஞ்சும். யார் பார்க்கப் போறாங்க?"

"காலெப் பார்ப்பான். தான் எழுதினது சரின்னு நினைச்சுக்குவான்." பெருமூச்சு கேட்டது. "தப்புன்னு தெரிஞ்சு எப்படிப்பா போடுறது? எனக்குக் கை வராது. அவளையே போடச் சொல்லு."

என்மேல் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். குளிர் ஜாஸ்தியா இருக்கு, வண்டியைப் பார்த்து ஓட்டு என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். மறுநாள் வேலையை விட்டுவிடுவதாக இரண்டு வரி எழுதி அனுப்பியிருந்தார்.

புதிய மதிப்பீட்டாளர் 2 வேண்டும் என்று விளம்பரம் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். 'வரலாறு படித்திருந்தால் நல்லது, கட்டாயமில்லை' என்று நானே சேர்த்தேன். ஒன்பது பேர் விண்ணப்பித்தார்கள். வரலாறு படித்தவர்கள் அதில் இரண்டு பேர் இருந்தார்கள். அந்த இரண்டு பேர் மட்டும் வேண்டாம், மறுபடி இதே வம்பு வரும் என்றார் ஷெல்டன். அவர்கள் பெயரை அடித்துவிட்டு மற்ற ஏழு பேரின் பட்டியலை அனுப்பினேன்.